மாஸ்டர் உயரத்து மேஜை

அந்தக் கொட்டகைக்குள் முதல் தடவை காலெடுத்து வைக்கிறவர்கள் யாரும் தையல் மிஷின்களைப் பார்ப்பதில்லை. ஐந்து மிஷின்கள் சுவரோரம் வரிசையாகக் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். தகரக் கூரை அந்தச் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுக்கும். ஆனாலும் வருகிறவர்களின் கண் நேராகப் போய் நிற்பது நடுவில் கிடக்கும் மேஜையின் மேல்தான். இரண்டு கட்டிலை நீளவாக்கில் சேர்த்துப் போட்டதுபோல ஒரு மேஜை. நீளத்தைப் பற்றி யாருக்கும் புகார் இல்லை. பை தைக்கிற இடத்தில் துணி வெட்டுகிற மேஜை அப்படித்தான் இருக்கும். உயரம்தான் உதைத்தது. நடுத்தர உயரமுள்ள ஒரு பெண் போய் நின்றால் விளிம்பு நெஞ்சில் இடிக்கும்.

"ஏன் இத்தனை உசரம்?" என்று கேட்காமல் யாரும் திரும்பிப் போனதில்லை. கொட்டகையை நடத்தும் மாஸ்டரம்மாவும் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். சரக்கெடுக்க வரும் பைக்கடைக்காரரிடம், எலி ஏறாது என்றாள். டீ கொண்டுவரும் பெண்ணிடம், தச்சர் அன்றைக்குக் கொஞ்சம் போட்டிருந்தார் என்றாள். அந்தத் தச்சர் டீயைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத மனிதர். மேஜை அடித்துக் கொடுத்த புண்ணியத்துக்குக் குடிகாரப் பட்டம் வாங்கிக்கொண்டார், பாவம்.

உண்மை வேறு. துணி வெட்டுகிறவருக்கு மேஜை இடுப்பிலிருந்து நாலு விரல் கீழே இருக்க வேண்டும். அந்த மேஜை அவள் கணவருடைய இடுப்புக்கு நாலு விரல் கீழே அடித்தது. இடுப்பு மட்டும் அந்த ஊரில் இல்லை.

மாஸ்டர் என்றால் கட்டிங் மாஸ்டர். ஊருக்கு வெளியே முன்பு ஒரு பெரிய பை கம்பெனி இருந்தது. பள்ளிக்கூடப் பையிலிருந்து பயணப் பைவரை அங்கே தயாராகும். துணி வெட்டுகிற பகுதிக்கு அவர்தான் தலை. ஆள் நெடுநெடுவென்று இருப்பார். கம்பெனியில் அவருக்கு ‘விளக்குக் கம்பம்’ என்று பெயர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்து சாக்பீஸால் வரைந்து, கட்டிங் மிஷினை ஒரே ஓட்டத்தில் தள்ளிக்கொண்டு போனாரென்றால் மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் இழையளவு வித்தியாசம் வராது. வேறு எங்கோ கூலி மலிவு என்று முதலாளிகளுக்குத் தெரியவந்தபோது, ஒரு மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஊரார் பயணத்துக்கெல்லாம் பை தைத்துக் கொடுத்தவர்கள், கடைசியில் ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மாஸ்டரும் ஏறினார். ஒரு பகலும் ஒரு இரவும் பயணம் செய்தால் வருகிற ஒரு பெருநகரத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

அவர் போனபோது மகள் சின்ன வகுப்பில் இருந்தாள். இப்போது பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறாள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். வந்த முதல் நாள் வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று தெரியாமல் விருந்தாளிபோலத் தடவுவார். எல்லாம் பிடிபடுகிற நாளில் கிளம்பிவிடுவார். அப்பாவுக்கும் மகளுக்கும் நடக்கிற பேச்சு போனில் தேய்ந்து தேய்ந்து இரண்டு வரிக்கு வந்துவிட்டது. "சாப்பிட்டீங்களாப்பா?" "சாப்பிட்டேம்மா. நீ?" அதற்குமேல் இருவருக்கும் என்ன கேட்பதென்று தெரியாது. போன் அம்மா கைக்கு வந்துவிடும்.

மாஸ்டரம்மா கட்டிலில் தன் பக்கத்தில் மட்டும்தான் படுப்பாள். அவர் பக்கம் வெறிச்சென்று கிடக்கக் கூடாது என்பதற்காகத் துவைத்த துணிகளை மடித்து அங்கே அடுக்கிவைப்பாள். யாரும் போடாத அவர் சட்டைகளை அவ்வப்போது எடுத்துத் துவைத்துக் காயவைப்பாள். அழுக்கு இருக்காது, தண்ணீர் தெளிவாகவே போகும். "எதுக்கும்மா வேலை மெனக்கெட்டு?" என்று மகள் கேட்டால், "மடிப்புல பூச்சி வந்துரும்" என்பாள். ஏக்கம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் பஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலை ஒரு நொடி நிற்கும்.

ஊரில் பாதி வீடு இப்படித்தான் கிடந்தது. அது நகராட்சிக்கும் உறைத்திருக்க வேண்டும். சந்தைக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த பழைய கிடங்குகளைத் திறந்துவிட்டு, ஒரு திட்டம் அறிவித்தார்கள். உள்ளூரில் யார் தொழில் தொடங்கினாலும் கிடங்கு வாடகையில் பாதியை நகராட்சி ஏற்கும். மிஷின் விலையிலும் பாதி தரும். அதற்குப் பதிலாக ஊர்க்காரர்கள் ஆறு பேருக்குப் புதிதாக வேலை கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் முடிகிறபோது அந்த ஆறு வேலையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிடங்கைப் பூட்டிவிடுவார்கள்.

மாஸ்டரம்மா அதுவரை வீட்டு மிஷினில் ஜிப் மாற்றிக்கொண்டும் பை பிரிந்தால் தைத்துக்கொண்டும் இருந்தவள். அறிவிப்பைக் கேட்ட மறுநாளே நகராட்சி அலுவலகத்தில் போய் நின்றாள். தொழில் வளர்ச்சி, வேலை வாய்ப்பு என்றெல்லாம் அங்கே பேசினார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் மனசில் ஓடியது ஒரே ஒரு நினைப்புதான்: வேலை இல்லாமல்தானே போனார், வேலை இருந்தால் வந்துவிடுவார்.

அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான அலுவலரை ஊரே ‘ஊக்கத்தொகை சார்’ என்று கூப்பிட்டு, நீளமாக இருக்கிறதென்று ‘ஊக்கம் சார்’ என்று சுருக்கிவிட்டது. மனிதருடைய நடையில் ஊக்கம் மருந்துக்கும் கிடையாது. முழங்கால் வலிக்காரர். எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தேடுவார்.

"ஆறு பேர் சேத்துருவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"சேத்துருவேன் சார். அஞ்சு பேர் கைவசம் இருக்காங்க. ஆறாவது ஆளும் ரெடி."

"பிறகு இல்லேன்னு கையை விரிக்கக் கூடாது."

"ஆறாவது ஆள்தான் சார் முதல் ஆளே" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. புரிந்து கேட்டிருந்தால் அன்றைக்கே சிக்கல் தீர்ந்திருக்கும்.

அவளுக்குக் கிடைத்த கிடங்குதான் இந்தக் கொட்டகை. ஐந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். எல்லாருமே பழைய கம்பெனியில் தைத்தவர்கள். அவர்களில் மூத்தவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். காலையில் மிஷினைப் போடும்போது திறந்த வாயை சாயங்காலம் மிஷினை நிறுத்தும்போதுதான் மூடுவாள். ஒருத்தி ஜிப் வைப்பாள், ஒருத்தி நாடா பிடிப்பாள், இரண்டு பேர் பக்கங்களை மூட்டுவார்கள், ரேடியோ கைப்பிடி போட்டு முடித்துத் திருப்பிப் போடுவாள். இவர்கள் எல்லாருக்கும் துண்டு வெட்டிப் போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்காகத்தான் மேஜை அடித்து, புதுக் கட்டிங் மிஷினும் வாங்கி, உறை போட்டு மூடிவைத்திருந்தாள்.

அவர் வரும்வரை அவளே வெட்டினாள். மேஜை எட்டாது. அதனால் ஒரு பலகையைக் கல்மேல் போட்டு அதன்மேல் ஏறி நின்று, கத்தரியால் நாலைந்து அடுக்காக வெட்டுவாள். கட்டிங் மிஷினைத் தொடப் பயம். விடிகிற நேரத்தில் வந்து தொடங்கினாலும் மத்தியானத்துக்குள் துண்டு தீர்ந்துவிடும். பிறகு தைக்கிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"அக்கா, துண்டு வந்தா தைப்போம், வராட்டி கதை பேசுவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள் ரேடியோ.

"உனக்கு ஒண்ணுதான். பைக்கடைக்காரர் ஒத்துக்கணுமே."

"மாஸ்டர் எப்ப வர்றாராம்?"

"அடுத்த மாசம்."

"போன மாசமும் அடுத்த மாசம்னுதான் சொன்னீங்க."

"போன மாசத்துக்கு அடுத்த மாசம் இது. இந்த மாசத்துக்கு அடுத்த மாசம் வருவார். பேசாம தை."

கொட்டகை திறந்ததிலிருந்து அவர் வழக்கமாக வருகிற வருகையையும் தள்ளிப்போட்டு, போனில் மழுப்பிக்கொண்டே இருந்தார். முதலில் முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்றார். பிறகு கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு என்றார். ஒரு சாயங்காலம் அவள் விடாமல் பிடித்துக்கொண்டபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது.

"நான் வந்து நின்னதுக்கப்புறம் அதையும் மூடிட்டா? அந்தக் கதவு சாத்தினது இன்னும் காதுல கேக்குது எனக்கு. இன்னொரு தடவை அந்த ஊர்ல பையைத் தூக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிற தெம்பு எனக்கு இல்ல."

"மூட மாட்டாங்க. முனிசிபாலிட்டி பாதி தாங்குதுங்க."

"அவங்க தாங்கறவரைக்கும்தானே. அதுவும் ஊர்க் காசுல எனக்கொரு வேலையா? வெட்டத் தெரிஞ்சதுக்குத்தான் நான் இதுவரைக்கும் சம்பளம் வாங்கியிருக்கேன்."

"இங்கயும் வெட்டத்தானே கூப்பிடறேன். சும்மாவா கூப்பிடறேன்? உங்க உசரத்துக்கு மேஜை போட்டிருக்கேன்."

"எத்தனை உசரம் வெச்சே?" என்று கேட்டார். சொன்னாள். "சரியா வெச்சிருக்கே" என்றார். குரல் இளகியிருந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மாதக்கணக்கில் ஓட்டினாள்.

பாதி வருஷம் ஆனபோது ஊக்கம் சார் பார்வையிட வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு மிஷினாக எண்ணினார். எண்ணிக்கை ஐந்தில் நின்றுவிட்டது.

"ஆறாவது ஆள் எங்கேம்மா?"

"வெளியூர்ல இருக்கார் சார். வந்துக்கிட்டே இருக்கார்."

"வந்துக்கிட்டே இருக்காருன்னா? நடந்தா வர்றார்? யாரு அவரு?"

"எங்க வீட்டுக்காரர்தான் சார். கட்டிங் மாஸ்டர்."

ஊக்கம் சார் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? சொந்தக்காரங்க இதுல சேத்தி இல்ல. புருஷன், பொண்டாட்டி, மச்சான், மருமகன் யாரும் கிடையாது. போன திட்டத்துல ஒருத்தர் கல்யாண வீட்டையே வேலைக்குச் சேத்தாரு. போய்ப் பாத்தா ஒருத்தர் கையிலயும் வேலை இல்ல, எல்லார் கையிலயும் இலைதான் இருந்துச்சு. அதுலேர்ந்து இந்த விதி."

"அவர் நிஜமாவே வேலை செய்வார் சார்."

"செய்யட்டும். யார் வேணாங்கிறா? ஏழாவது ஆளா வரட்டும். ஆறு பேர் வெளியாளா இருக்கணும், அவ்வளவுதான்."

ஏழாவது ஆள் என்று அவர் லேசாகச் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் தெரியும். துண்டு வெட்டுகிற வேலை ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. அதை வெளியாளுக்குக் கொடுத்தால் மாஸ்டருக்கு அங்கே நிற்க இடமில்லை. மாஸ்டருக்கு வைத்துக்கொண்டால் ஆறு பேர் ஆக மாட்டார்கள். மற்ற ஐந்து பேரும் தெருவுக்குப் போவார்கள். எந்தத் திட்டத்தை நம்பி அவரைக் கூப்பிட்டாளோ அதுவே குறுக்கே வந்து நின்றது.

அன்று சாயங்காலம் அதைப் போனில் சொன்னாள். அவர் சிரிக்க முயற்சி செய்தார்.

"பாத்தியா. நான் கணக்குலயே இல்லையாம்."

"அப்படி இல்லீங்க..."

"இல்ல, நல்லதுதான். யாராவது வெட்டற ஆளைப் பாத்துப் போடு. அந்தப் பொண்ணுங்க வயித்துல அடிக்காதே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு வலித்ததா, நிம்மதியாக இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

அப்படியும் அவள் ஆள் தேடவில்லை. தேடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஒருவனுக்குக் கை நடுங்குகிறது என்றாள். அவன் குளிரில் நடுங்கியவன். இன்னொருவன் முகத்தில் சிரிப்பே இல்லை என்றாள். வருஷக் கடைசி நெருங்கியது. ரேடியோவே வாயை மூடிக்கொண்டு தைக்கத் தொடங்கியபோதுதான் மற்றவர்கள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

ஊக்கம் சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார். இந்தத் தடவை எண்ணவில்லை.

"கடைசிப் பார்வைக்கு நான் தனியா வர மாட்டேம்மா. மேல இருக்கிறவங்களும் வருவாங்க. அஞ்சுதான் இருந்தா அஞ்சுன்னுதான் சொல்லியாகணும். ஒரு பொண்ணு ஆபீசுக்கு வந்து வேலை கேட்டுது. கட்டிங் தெரியுமாம். உங்க பழைய கம்பெனி ஆள்தான். அனுப்பறேன். திருப்பி அனுப்பிடாதீங்க. நானும் எத்தனை தடவைதான் இந்தக் காலை வெச்சிக்கிட்டு நடக்கிறது?"

மறுநாள் காலை வந்து நின்றவளைப் பார்த்ததும் கொட்டகையே சிரித்துவிட்டது. மாஸ்டருக்குக் கீழே துணி விரித்துக்கொண்டிருந்த பெண் அவள். கம்பெனியில் அவளுக்குப் ‘பொடிசு’ என்று பெயர். ஆள் அப்படியேதான் இருந்தாள், ஒரு விரல்கூட வளரவில்லை. மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, இது மேஜையா மாடியா? ஏணி எங்க வெச்சிருக்கீங்க?"

"பலகை இருக்கு. அதுமேல நின்னுக்கோ" என்றாள் மாஸ்டரம்மா சிரிக்காமல்.

நிறைய துணி பார்த்த கை அது. உறையை எடுத்துக் கட்டிங் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். துணியை விரித்துச் சுருக்கம் நீவி, இரண்டு முனையிலும் இரும்புக் கட்டையை வைத்தாள். முதல் நாளே தைக்கிறவர்களின் பக்கத்தில் துண்டு மலைபோலக் குவிந்தது. சாயங்காலம்வரை ஒரு மிஷினும் நிற்கவில்லை. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சத்தம் அதுவரை எழுந்ததே இல்லை. மாஸ்டரம்மா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளோ கட்டிங் மிஷினின் உறையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் பலகைமேல் நின்று கத்தரியால் வெட்டுவது வேறு, மிஷினைத் தள்ளுவது வேறு. மிஷினோடு பக்கவாட்டில் நடந்துகொண்டே போக வேண்டும். கண் வெட்டுகிற கோட்டில் இருக்கும். கால் பலகையைப் பார்க்காது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பலகை முடிந்த இடத்தில் பொடிசு காலை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் மல்லாந்து விழுந்தாள். மேலே மிஷின் ஓடிக்கொண்டே துணி அடுக்கைக் கோணல்மாணலாகக் கிழித்துக்கொண்டு போய் முனையில் இருந்த இரும்புக் கட்டையில் முட்டி நின்றது. ரேடியோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள்.

விரல் பத்தும் இருந்தது. முழங்கையில் தோல் வழண்டிருந்தது, அவ்வளவுதான். பொடிசு தரையில் உட்கார்ந்தபடியே, "துணி வீணாப் போச்சேக்கா" என்று அழுதாள்.

"துணி கிடக்குது கழுதை. கையக் காட்டு" என்று அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் மாஸ்டரம்மா.

ரேடியோ மெதுவாகத்தான் சொன்னாள், அவளுக்கு மெதுவாகப் பேச வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மேஜை காலை அறுத்துரலாம்."

மாஸ்டரம்மா வெளியே போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். போன் போட்டாள். அந்தப் பக்கம் பெரிய தொழிற்சாலையின் இரைச்சல் கேட்டது. அவர் இரைச்சலை விட்டு விலகி நடந்து வருவதும் கேட்டது.

"என்ன, இந்த நேரத்துல? பாப்பா நல்லா இருக்கால்ல?"

"இருக்கா. பொடிசு விழுந்துட்டா. பலகையிலேர்ந்து."

"மிஷின் ஓடும்போதா? கை?"

"கைக்கு ஒண்ணும் இல்ல."

"கடவுளே. பலகைமேல நின்னா மிஷின் தள்ள விட்டே? உனக்கு அறிவிருக்கா?"

"மேஜை காலை அறுக்கணும்கிறாங்க" என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வாரென்று அவள் எதிர்பார்த்தாளா? எதிர்பார்க்கத்தான் செய்தாள். நான் வருகிறேன், அதுவரை அறுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வதென்று தெரியாது; இருந்தாலும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

அவர் அளவு சொல்லத் தொடங்கினார்.

"அவளை மேஜை பக்கத்துல நேரா நிக்க வை. செருப்போட நிக்கச் சொல்லு, வேலை செய்யறப்ப அதுதான் கால்ல இருக்கும். இடுப்பு எலும்புலேர்ந்து நாலு விரல் கீழ குறி போடு. அவ விரல் இல்ல, உன் விரல். அவ விரல் சின்னது."

"ம்."

"தரை ஒரு பக்கமா சாயுதுன்னு சொல்லியிருக்கே. நாலு காலையும் ஒரே அளவா அறுத்தா மேஜை சாஞ்சுரும். தண்ணி மட்டம் வெச்சுப் பாத்துத் தச்சரை அறுக்கச் சொல்லு. அவசரப்பட வேணாம்னு சொல்லு. அறுத்தபிறகு கால் அடியில ரப்பர் வைக்கணும், இல்லேன்னா அதிர்ச்சியில நகரும்."

"நீங்க வந்தா எங்கங்க நிப்பீங்க?" என்று கேட்டாள்.

"மணி அடிச்சுட்டான். நான் போகணும்" என்றார் அவர். "பாத்து அறுக்கச் சொல்லு."

தச்சர் வந்து அறுத்தார். கைரம்பத்தின் முதல் இழுப்பைத்தான் அவள் பார்த்தாள். அங்கே நிற்க முடியாமல் சந்தைப் பக்கம் போய் வேண்டாத நூல்கண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். திரும்பி வந்தபோது மேஜை எல்லா மேஜையும்போல நின்றது. மரத்தூளைக்கூட யாரோ பெருக்கித் தள்ளியிருந்தார்கள். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் தச்சர்.

மேலதிகாரிகள் வந்தார்கள். ஆறு பேரையும் பார்த்தார்கள், துண்டும் பையும் குவிந்து கிடந்ததைப் பார்த்தார்கள். இன்னும் ஒரு வருஷத்துக்கு வாடகையில் பாதியை நகராட்சியே தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊக்கம் சார் கடைசியாகக் கிளம்பினார். "ஆறு குடும்பம் ஊரை விட்டுப் போகாம நிக்குதும்மா. எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு" என்றார். பெண்கள் எல்லாருக்கும் அன்று பன்னும் டீயும் வந்தது. ரேடியோ இழந்த நாட்களுக்கும் சேர்த்துப் பேசினாள்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வேலைக்குக் குறைவில்லை. கல்லூரி ஒன்றுக்குப் பை கேட்டிருந்தார்கள். ஒரு சாயங்காலம் தகரக் கூரைமேல் மழை சரமாரியாக அடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஆள் குடையோடு நின்றார். உள்ளே வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது? பை வேணும்னா கடையில போய்க் கேளு" என்றாள் ரேடியோ.

பொடிசுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரர்க்கா. நேத்துதான் வந்தார்."

அவரும் வெளியூரில் இருந்தவர்தான். எங்கோ கட்டட வேலை. எத்தனை வருஷமாக என்று மாஸ்டரம்மாவுக்குத் தெரியாது; இத்தனை நாளும் அவள் கேட்கவே இல்லை. தன் கவலைக்கு நடுவே பொடிசுக்கும் ஒரு வீடு இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

"லீவுல வந்திருக்காரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஒரேயடியா வந்துட்டார். எனக்கு இங்க வேலை நிலைச்சிருச்சுன்னு சொன்னேன். அப்ப எதுக்கு ரெண்டு பேரும் ரெண்டு ஊர்லன்னு மூட்டையக் கட்டிக்கிட்டு வந்துட்டார்."

"இங்க வேலை ஏதாவது பாத்து வெச்சிருக்காரா?"

"ஒண்ணும் இல்லக்கா. கிடைக்கிறப்ப கிடைக்கட்டும்னுட்டார். இப்போதைக்கு சும்மாதான் வந்திருக்கார்."

"சும்மாவா?"

"சும்மாதான்" என்று பொடிசு வெட்கத்தோடு சிரித்தாள். "வான்னேன். வந்துட்டார்."

ரேடியோ அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை மழைன்னா கரைஞ்சுருவாரா, பொண்டாட்டி கரைஞ்சுருவாளா, யாருக்குக் குடை என்று அவள் கேட்கக் கேட்கக் கொட்டகை அதிர்ந்தது. மாஸ்டரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பொடிசை நேரத்தோடு அனுப்பிவைத்தாள். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தோள் நனைய சேற்றைத் தாண்டித் தாண்டிப் போவதைத் திருப்பம்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பொறாமையாக இருந்தது. நன்றாகவே இருந்தது. தான் திறந்த கொட்டகை ஒருத்தியின் புருஷனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது; அந்த ஒருத்தி அவள் இல்லை.

மற்றவர்களும் கிளம்பினார்கள். மழை விடவில்லை. மிஷின்களுக்குத் துணி போட்டு மூடினாள். பிறகு மடமடவென்று போனை எடுத்தாள், யோசித்தால் கை நின்றுவிடும் என்பதுபோல.

"என்ன, வீட்டுக்குப் போகலையா இன்னும்? மழைச் சத்தமா கேக்குது" என்றார் அவர். "மேஜை ஆடலையே? ரப்பர் வெச்சாச்சா?"

"மேஜை நல்லா இருக்கு. மேஜையைப் பத்திப் பேசக் கூப்பிடல."

"பின்னே?"

"நீங்க வாங்க."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. "வந்து? வெட்டற இடமும் போச்சே. அங்க எனக்கு என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. மேஜை இல்ல. வேலை இல்ல. நீங்க ஆறாவது ஆளும் இல்ல, ஏழாவது ஆளும் இல்ல. இத்தனை நாளா உங்களை வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கேன். ஒரு தடவைகூட வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடல. இப்பக் கூப்பிடறேன். உங்களைப் பாக்காம என்னால இருக்க முடியலீங்க." சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவள் அவரிடம் சொன்னதில்லை.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள்.

"வந்து சும்மா உக்காந்திருக்கவா?" என்று கேட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"சும்மா உக்காந்திருங்க."

"சம்பளம் என்ன குடுப்பே?"

"ஒத்தப் பைசா கிடையாது."

"அப்ப சரி" என்றார் அவர். "வர்றேன்."